பாதம் உள்நோக்கித் திரும்பிப் பிறந்த பிள்ளை: ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தகப்பன் கேட்டவற்றுக்கு

ஒட்டுசுட்டான் பக்கத்தைச் சேர்ந்த இளந்தகப்பன் ஒருவர் கேட்டிருக்கிறார். பிறந்து 12 நாட்களான அவருடைய முதற்பிள்ளைக்கு இரண்டு பாதங்களும் உள்நோக்கித் திரும்பி, உள்ளங்கால் மேலே பார்க்கும்படி இருக்கின்றன. பிரசவ விடுதியில் வைத்தியர் அதனைக் ‘கிளப்ஃபூட்’ என்று சொல்லி, எலும்பியல் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் பெரியவர்களோ, துடக்குக் கழிய முன்னர் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது என்றும், எண்ணெய் பூசி உருவிவிட்டால் கால் தானாகவே சரிவரும் என்றும் சொல்கிறார்கள். கிரகண நேரத்தில் மரக்கறி வெட்டியதால்தான் இப்படி வந்ததோ என்று மனைவி அழுதபடி இருக்கிறார். பிள்ளை நடப்பானா, 31 ஆம் நாள் வரைக்கும் பொறுக்கலாமா, இப்படிப் பிறந்த பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பவையே அவருடைய கேள்விகள்.

தம்பி, முதற்கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் நடப்பான், ஓடுவான், முன்பள்ளி முற்றத்தில் மற்றப் பிள்ளைகளோடு குந்தியிருந்து மண் விளையாடுவான். வன்னியின் வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து, இப்படியான பல பிள்ளைகளைக் கையில் ஏந்திய அனுபவத்தில் இதனை எழுதுகிறேன். வேறு குறை எதுவும் இல்லாமல் பாதம் மட்டும் திரும்பிப் பிறந்த பிள்ளை, காலத்தோடு தொடங்கி முறை தவறாமல் சிகிச்சை பெற்றால், வளர்ந்த பிறகு அவனுடைய நடையைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடினம். ஆனால், இதில் பெரிய பங்கு வைத்தியசாலைக்கு இல்லை, உங்கள் வீட்டுக்கே இருக்கிறது. பாதத்தை நேராக்குவது இரண்டு மூன்று மாத வேலை. நேராகிய பாதத்தை நேராகவே வைத்திருப்பது நான்கைந்து வருட வேலை. கால் நேரானதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதி அடைந்த குடும்பங்களில்தான் கால் மறுபடியும் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்தப் பதிலில் பாதத்தை நேராக்கப் போடும் பிளாஸ்டர் கட்டைப் பற்றிச் சொல்வதைவிடக் கட்டு அவிழ்ந்த பிறகு வரும் காலத்தைப் பற்றியே கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

உலகெங்கும் 1000 பிள்ளைகள் பிறந்தால் அவர்களில் ஒருவர் அல்லது இருவர் இப்படிப் பிறக்கிறார்கள். பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளில் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாதிப்பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். தாயின் வயிற்றில் பாதம் முதலில் சரியான திசையில் உருவாகி, நடு மாதங்களில்தான் உள்நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. 20 ஆவது கிழமை அளவில் எடுக்கும் ஸ்கானில் சில வேளை தெரியவும் கூடும். கணுக்காலின் உட்புறத்திலும் பின்புறத்திலும் உள்ள நார்கள் தடித்துக் குறுகியிருப்பதால் பாதம் அந்தப் பக்கமாக இழுபட்டு நிற்கிறது. ஏன் அப்படிக் குறுகுகின்றன என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் போதாது: உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு இது இருக்கும்போது, மற்றவருக்கும் இருப்பது ஏறக்குறைய மூன்று சோடிகளில் ஒன்றில்தான்.

இந்த இடத்தில் உங்கள் மனைவியின் அழுகைக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுப் போடுவதற்கு முன்னர் தீர்க்க வேண்டியது அதுதான். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிரகணம் என்பதையே காணாத வருடங்களிலும், அதைப் பற்றி எந்த அச்சமும் இல்லாத நாடுகளிலும் இதே கணக்கில் பிள்ளைகள் இப்படிப் பிறக்கிறார்கள். மரக்கறி வெட்டியதாலோ, கிணற்றில் தண்ணீர் அள்ளியதாலோ, வயலுக்குள் இறங்கியதாலோ, ஒருக்களித்துப் படுத்ததாலோ இது வருவதில்லை. உங்கள் தாயோ மனைவியின் தாயோ ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று தொடங்கினால், அதை நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான். தன்னால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று நம்பும் தாய், பிள்ளை சிணுங்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தன் தண்டனையாக எடுத்துக்கொள்வாள்; பின்னாளில் சிகிச்சைக்காகப் போடும் சப்பாத்தோடு அழும் பிள்ளையை அவளால் பொறுத்திருந்து பார்க்க முடியாது, இரக்கப்பட்டுக் கழற்றிவிடுவாள். குற்ற உணர்வு சிகிச்சையைக் கெடுப்பது இந்த வழியாகத்தான். மனைவி கிழமைக் கணக்கில் தூங்காமலும் சாப்பிடாமலும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க விருப்பமில்லாமலும் இருந்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, அதையும் காலத்தோடு செய்ய வேண்டும்.

31 ஆம் நாள் வரைக்கும் பொறுக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. பொறுக்க வேண்டாம். 31 நாளில் தொடங்கினால் பிள்ளைக்குக் கால் சரிவராது என்று நான் சொல்லமாட்டேன்; மாதக் கணக்கில் பிந்தி வந்த பிள்ளைகளுக்கும் நன்றாகச் சரிவந்திருக்கிறது. ஆனால் பிறந்து ஓரிரு கிழமைகளுக்குள் தொடங்குவதில் பெரிய அனுகூலம் உண்டு. இந்த வயதில் பாதத்தின் எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது, நார்களும் இழுத்தால் இணங்கிக் கொடுக்கும். குருத்தோலையைக் கைக்கு இசைந்தபடி மடித்துப் பின்னலாம், அதே ஓலை முற்றிவிட்டால் அந்த மடிப்புக்கு வராது, அவ்வளவுதான் வேறுபாடு. துடக்குக் காக்கும் வழக்கத்தின் நோக்கம் தாயும் பிள்ளையும் நோய்நொடி படாமல் இருப்பதே. அந்த நோக்கத்தைக் கெடுக்காமலே கிழமைக்கு ஒரு காலைப்பொழுது வைத்தியசாலைக்குப் போய்வர முடியும். பெரியவர்களோடு வாதாடுவதைவிட, முதல் கிளினிக்குக்கு உங்கள் தாயாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் பாதத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டி விளக்கும்போது அவர் நேரில் பார்க்கட்டும். வீட்டில் எதிர்ப்பாக நின்ற அப்பம்மாக்கள் அதற்குப் பிறகு சிகிச்சையின் காவலாக மாறியதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

எண்ணெய் பூசி உருவுவது பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முறிவு நெரிவு வைத்தியத்தின் மீது நம் மக்களுக்குள்ள நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்தப் பாதம் முறிந்ததும் இல்லை, நெரிந்ததும் இல்லை. வயிற்றில் இடம் போதாமல் மடங்கிக் கிடந்த பாதம் சில பிள்ளைகளுக்கு இருக்கும். கையால் மெல்லத் திருப்பினால் நேராக வந்துவிடும், நாளடைவில் தானாகவே சரியாகும். உருவிவிட்டே சரிவந்தது என்று சொல்லப்படும் கால்கள் பெரும்பாலும் அவைதான். உண்மையான கிளப்ஃபூட் அப்படி வராது. அதைப் பலமாக இழுத்தாலோ, புக்கை வைத்து இறுக்கிக் கட்டினாலோ, இளம் குருத்தெலும்பு நசியவும் பாதத்தின் நடுப்பகுதி பிழையான இடத்தில் மடியவும் கூடும். இரண்டையும் பிரித்தறிவது கிளினிக்கில் ஐந்து நிமிட வேலை. அங்கே வைத்தியர் பிள்ளையின் முதுகுத்தண்டு, இடுப்பு, கைமூட்டுகள் ஆகியவற்றையும் பார்ப்பார். மிகச் சில பிள்ளைகளில் பாதத்தோடு முள்ளந்தண்டிலோ மூட்டுகளிலோ வேறு குறையும் இருக்கும். அவர்களுக்குச் சிகிச்சை நீளும், திட்டமும் மாறும்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுவது பொன்செற்றி முறை. இஞ்ஞாசியோ பொன்செற்றி 1914 இல் ஸ்பெயினின் மினோர்க்கா தீவில் பிறந்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் வைத்தியராக நின்று, போர் தோல்வியில் முடிந்தபோது காயக்காரரை மலை கடந்து பிரான்சுக்குக் கொண்டு சேர்த்து, ஊர் திரும்ப வழியில்லாமல் மெக்சிக்கோவுக்கும், பின்னர் அமெரிக்காவின் அயோவாவுக்கும் போய்ச் சேர்ந்தார். நம் மண்ணில் உள்ளவர்களுக்கு அந்த வாழ்க்கை நன்றாகவே விளங்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளின் பாதத்தைப் பெரிதாகக் கீறி நேராக்கினார்கள்; அந்தக் கால்கள் வளர்ந்த பிறகு விறைத்து வலித்தன. பொன்செற்றி நார்களின் தன்மையை ஆராய்ந்து, கிழமைக்குக் கிழமை மெல்லத் திருப்பிக் கட்டுப் போட்டால் பெரிய சத்திரசிகிச்சை இல்லாமலே பாதம் வழிக்கு வரும் என்று காட்டி, 1963 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பல பத்தாண்டுகளாக மற்றச் சத்திரசிகிச்சையாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1995 இல், அவரிடம் குழந்தையாகச் சிகிச்சை பெற்று, சராசரியாக முப்பது வயதைத் தாண்டியிருந்தவர்களைத் தேடிப் பரிசோதித்தபோது, 78 வீதமானோரின் பாதங்கள் நன்றாகவோ மிக நன்றாகவோ இயங்கின. குறையின்றிப் பிறந்த அதே வயதினரில் அந்த அளவு 85 வீதம். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், உங்கள் மகனின் எதிர்காலத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

செய்முறை இதுதான். கிழமைக்கு ஒரு முறை, பிள்ளை பால் குடித்துக்கொண்டோ அரைத் தூக்கத்திலோ இருக்கும்போது, பாதத்தைச் சில நிமிடங்கள் மெல்லத் திருப்பி, கிடைத்த அளவில் நிறுத்தி, கால்விரலிலிருந்து தொடையின் மேற்பகுதி வரைக்கும், முழங்காலை மடித்தபடி பிளாஸ்டர் போடுவார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டால் கட்டுக் கழன்றுவிடும், பாதமும் உள்ளே சுழலும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகளில் பாதம் வெளிநோக்கித் திரும்பிவிடும். இதில் பிள்ளைக்கு வலி இல்லை. புதிய கட்டின் பாரத்துக்கும் இறுக்கத்துக்கும் முதல் நாள் சிணுங்குவான், அவ்வளவே. கடைசியில், குதிக்கால் கீழே இறங்காமல் நிற்பதால், பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேருக்கு, குதிக்கால் நரம்பு என்று நம்மவர்கள் சொல்லும் பின்தசைநாரைச் சிறு கத்தி முனையால் வெட்டிவிடுவார்கள். இதைக் கேட்டதும் நடுங்க வேண்டாம். மரத்துப்போக மருந்து கொடுத்துச் சில நிமிடங்களில் முடிகிற வேலை, தையல் கூடத் தேவைப்படாது. கடைசிக் கட்டு மூன்று கிழமைகள் இருக்கும். அதற்குள் தசைநார் நீண்டு தானாகவே கூடிவிடும்.

கட்டுப் போட்ட பிள்ளையை வன்னி வெக்கைக்குள் வைத்திருப்பது தனி வேலை. முதல் நாள் கட்டு முழுதாகக் காயும்வரை காலுக்குக் கீழே மெல்லிய துணியை மடித்து வையுங்கள். விரல்களை அடிக்கடி பாருங்கள்: நுனியை அழுத்தினால் வெளிறி, விட்டதும் உடனே சிவக்க வேண்டும். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, வீங்கிக் குளிர்ந்தாலோ, தெரிந்துகொண்டிருந்த விரல்கள் கட்டுக்குள் மறைந்துபோனாலோ, அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காமல் இரவானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். விரல் மறைவது என்றால் கட்டுக் கீழே வழுகிவிட்டது, அது பாதத்தைப் பிழையாக நசிக்கும். குளிக்க வார்க்க முடியாது, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பம்பர்ஸ் கட்டும்போது கட்டின் மேல்விளிம்பு வெளியே நிற்கட்டும், நனைந்ததும் தாமதிக்காமல் மாற்றுங்கள். கட்டுக்குள் பவுடர் கொட்டுவதோ, ஈர்க்கு விட்டுச் சொறிவதோ கூடாது. ஏணையில் போட்டு ஆட்டும் வழக்கத்தை இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். துணி இரண்டு கால்களையும் சேர்த்து இறுக்கும், ஈரக் கட்டின் உருவம் மாறிவிடும். நுளம்புவலைக்குள் அகலமான பாயே நல்லது. மாரியில் மோட்டார் சைக்கிளில் கொண்டு போவதானால் கட்டு நனையாமல் பொலித்தீனால் மூடுங்கள், போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

இரண்டு சிறிய விடயங்களை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிளினிக்கில் பிள்ளையைக் கட்டோடு நிறுத்தால், பதிவேட்டில் நிறைக் கோடு பொய்யாக மேலே ஏறி, பிள்ளை உண்மையில் மெலிந்துகொண்டிருந்தாலும் தெரியாமல் போகும். பழைய கட்டை ஊறவைத்து அவிழ்த்த பிறகு, புதியது போடுவதற்கு முன்னர் நிறுத்துத் தரும்படி கேளுங்கள். இரண்டாம் மாதத்தில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசியைத் தொடையில்தான் ஏற்றுவார்கள், தொடையோ கட்டுக்குள் இருக்கும். குடும்பநல உத்தியோகத்தருக்கு முதலே சொல்லி, கட்டு மாற்றும் நாளோடு பொருத்திக்கொண்டால் ஊசியும் தவறாது, கட்டும் குலையாது. இன்னொன்று: வீட்டிலேயே முதல் நாள் இரவு கட்டை ஊறவைத்துக் கழற்றிக்கொண்டு வர வேண்டாம். ஒரு இரவுக்குள் பாதம் சற்றுப் பின்வாங்கிவிடும்.

இப்போது மிக முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம். கடைசிக் கட்டு அவிழ்ந்த அன்று, பாதம் அழகாக வெளிநோக்கி நிற்கும். அன்றே பிள்ளைக்கு நடுவில் கம்பி பொருத்திய சப்பாத்துச் சோடி ஒன்று போட வேண்டும். கம்பி தோள் அகலத்துக்கு இருக்கும். குறையுள்ள பாதம் 60 தொடக்கம் 70 பாகை வெளியே பார்த்திருக்கும். ஒரு காலில் மட்டும் குறையுள்ள பிள்ளைக்கும் இரண்டு காலிலும் போட வேண்டும், நல்ல கால் 30 அல்லது 40 பாகையில் நிற்கும். முதல் மூன்று மாதங்கள் நாளுக்கு 23 மணித்தியாலங்கள். குளிக்க வார்க்கும் ஒரு மணித்தியாலம் மட்டும் விடுதலை. அதன் பிறகு இரவுத் தூக்கத்துக்கும் பகல் தூக்கத்துக்கும், மொத்தம் 12 முதல் 14 மணித்தியாலங்கள், நான்கு அல்லது ஐந்து வயது வரைக்கும். பாதத்தைத் திருப்பிய அந்த நார்களின் இயல்பு பிள்ளை வளரும் வருடங்களிலும் மாறாமல் இருந்து, மறுபடியும் உள்ளே இழுக்கப் பார்க்கிறது. அதனால் தான், சரிவந்த பாதம் மீண்டும் திரும்புவதற்கு எல்லா இடங்களிலும் கண்டறியப்பட்ட முதற்காரணம், சப்பாத்தை ஒழுங்காக அணியாமல் விட்டதே.

முதல் இரண்டு மூன்று இரவுகள் பிள்ளை அழுவான். தனித்தனியாக உதைத்துப் பழகிய கால்கள் இரண்டும் சேர்ந்தே அசைய வேண்டியிருப்பது அவனுக்குப் புதிது. கம்பியின் நடுவில் பிடித்து, இரண்டு முழங்கால்களையும் ஒன்றாக மடக்கி நீட்டி, பாட்டுப் பாடி விளையாட்டாக்குங்கள். இரண்டும் சேர்ந்து உதைத்தால் கம்பி ஆடும் என்று கண்டுகொண்டதும் அவனே அதை விரும்பத் தொடங்குவான். அழுகிறான் என்பதற்காகக் கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்று அவன் இரண்டே நாளில் படித்துவிடுவான். ஆனால் எல்லா அழுகையும் பழக்கத்தால் வருவதில்லை. சப்பாத்தைக் கழற்றித் தோலைப் பாருங்கள். லேசான சிவப்பு சற்று நேரத்தில் மறைந்துவிடும், அது பரவாயில்லை. குதிக்காலின் பின்புறத்தில் கடும் சிவப்போ கொப்புளமோ இருந்தால், பெரும்பாலும் சப்பாத்து இறுகியதால் வந்ததன்று, தளர்ந்து குதிக்கால் மேலும் கீழும் உரசியதால் வந்தது. பெற்றோர் அதைக் கண்டு வாரை இன்னும் தளர்த்துவார்கள், கொப்புளம் இன்னும் பெரிதாகும்.

போடும் விதத்தைக் கிளினிக்கில் உங்கள் கையாலேயே செய்து காட்டிப் பழகுங்கள். நீங்களும் மனைவியும் அப்பம்மாவும், மூன்று பேருமே. முழங்காலை மடக்கி, மெல்லிய பருத்திக் காலுறை போட்டு, குதிக்காலைச் சப்பாத்தின் அடிவரை அழுத்தி இறக்கி, நடுவாரை முதலில் இறுக்குங்கள். அதன் பிறகே மற்றவை. குதிக்கால் சரியாக இறங்கிய நாளில் விரல்நுனி எங்கே வருகிறதோ அந்த இடத்தில் உள்ளடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு ஒவ்வொரு இரவும் விரல்கள் அந்தக் கோட்டைத் தொடுகின்றனவா என்று பார்த்தால் போதும், யார் போட்டாலும் பிழை தெரிந்துவிடும். விரல்கள் சப்பாத்தின் விளிம்பைத் தாண்டி மடங்கத் தொடங்கினால் அடுத்த அளவு தேவை. அந்த அடுத்த அளவு எங்கே கிடைக்கும், எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதை முதற் சோடி வாங்கும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே இருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சொல்லி எடுப்பிக்க வேண்டி வந்தால், இடையில் பிள்ளை வெறுங்காலோடு கிடக்கும் கிழமைகள் உருவாகிவிடும்.

சப்பாத்து விடுபடுவது சாதாரண நாட்களில் குறைவு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவிரவாக நிற்கும்போது, மடுவில் ஆவணித் திருவிழாவுக்குக் கூடாரம் அடித்துத் தங்கும்போது, கலியாண வீடு, செத்த வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல், அறுவடைக்காலத்தில் தாயும் வயலுக்குப் போய்ப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுச் செல்லும் நாட்கள், இவற்றில்தான் விடுபடும். ஒரு இரவு இரண்டு இரவாகும், இரண்டு ஒரு கிழமையாகும், பிறகு போட்டால் பாதம் சப்பாத்துக்குள் இருக்காமல் வெளியே வந்து வந்து விழும். நேர்த்தி வையுங்கள், கோயிலுக்குப் போங்கள், அங்கேயும் பிள்ளை தூங்கும் நேரத்தில் சப்பாத்து அவன் காலில் இருக்கட்டும். சனம் பார்க்கும் என்று கூச்சப்பட்டுக் கழற்றி வைக்கும் குடும்பங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: பார்க்கிற சனத்துக்கு ஒரு நாள் கதை, பிள்ளைக்கு அது ஆயுள் முழுவதற்குமான கால்.

சனத்தின் கதையையும் அலட்சியம் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். வன்னியில் காலில் கட்டோடு கைக்குழந்தை ஒன்றைக் கண்டால் பஸ்ஸில் இருக்கும் பத்துப் பேரும் என்ன நடந்தது என்று கேட்பார்கள். கால் இழந்தவர்களும் செயற்கைக் காலோடு நடப்பவர்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் மண் இது; ஒரு பிள்ளையின் காலைப் பற்றிய கவலை இங்கே உள்ளவர்களின் நெஞ்சை வேறு இடங்களைவிடக் கூடுதலாகவே தொடுகிறது. ஆகையால் அந்தக் கேள்விகளைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘பாதம் திரும்பிப் பிறந்தவன், கட்டுப் போட்டுச் சரிவருகிறது’ என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போங்கள். பிள்ளையை மூடி மறைத்துத் தூக்கிச் சென்றால்தான் கதை வளரும். ‘பாவம்’ என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பேச்சு முழுவதும் விளங்காவிட்டாலும், தன்னைப் பார்த்து முகம் வாடுவது விளங்கும். அவன் கேட்கும் வயதில், பிறக்கும்போது கால் இப்படி இருந்தது, கட்டுப் போட்டு நேராக்கினோம், இரவுச் சப்பாத்து அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். கட்டுப் போட்ட காலத்தில் எடுத்த படங்களை அழிக்காமல் வைத்திருந்து காட்டுங்கள். மற்றப்படி கண்டிப்பு, செல்லம், வேலை, விளையாட்டு எல்லாவற்றிலும் அவன் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரட்டும். காலுக்காக அவனுக்குச் சலுகை கொடுத்தால், அவன் படிப்பது நடையை அல்ல, சலுகையை.

பொருளாதாரப் பக்கம் ஒன்று இருக்கிறது. நம் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனால் பஸ் காசும், இழக்கும் கூலி நாளும், சாப்பாட்டுச் செலவும் உண்டு. கட்டுப் போடும் வசதி முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் எதில், எந்தக் கிழமைநாளில் இருக்கிறது, அல்லது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டுமா என்பதை முதலிலேயே விசாரித்து, அந்த இரண்டு மூன்று மாதங்களுக்குரிய செலவை இப்போதே ஒதுக்குங்கள். இடையில் ஒரு கிழமை விடுபட்டால் அடுத்த கிழமை போகலாம், ஆனால் கையில் காசில்லை என்று மூன்று நான்கு கிழமைகள் விடுபட்டால் போட்ட கட்டுகள் வீணாகும். சப்பாத்துக் காலத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும். அந்தத் தேதிகளைப் பிள்ளையின் பதிவேட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். தகப்பன் வெளிநாட்டிலோ வேறு மாவட்டத்தில் வேலையிலோ இருக்கும் வீடுகளிலும், தாய் ஒருத்தியே குடும்பத்தைச் சுமக்கும் வீடுகளிலும் இந்தச் சிகிச்சை நடந்து முடிந்திருக்கிறது. அங்கெல்லாம் சப்பாத்துப் போடத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர், சித்தியோ அம்மம்மாவோ, கட்டாயம் இருந்தார்.

அவன் மற்றப் பிள்ளைகளைவிட ஓரிரு மாதம் பிந்தி நடக்கலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. கெண்டைக்கால் சற்று மெலிந்தும், ஒரு காலில் மட்டும் குறையென்றால் அந்தப் பாதம் சற்றுச் சிறிதாகவும் ஆயுள் முழுவதும் இருக்கும். அதனால் நடைக்கும் ஓட்டத்துக்கும் தடை இல்லை. 1992 இல் குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், பெண்கள் தனிப்போட்டியில் தங்கப் பதக்கம் பெற்ற கிறிஸ்டி யமகுச்சி இப்படிப் பிறந்தவர்தான். நடக்கத் தொடங்கிய பிறகு நீங்கள் பார்க்க வேண்டியது, குதிக்கால் நிலத்தில் முழுதாகப் பதிகிறதா என்பதையே. பிள்ளை குந்தியிருக்கும்போது குதிக்கால் எழும்பி நின்றாலோ, பாதத்தின் வெளி ஓரத்தில் மிதித்து நடந்தாலோ, சப்பாத்து அடிக்கடி கழன்று விழுந்தாலோ, அது மறுபடியும் திரும்பத் தொடங்கிய அறிகுறி. அப்போது ஒளிக்காமல் உடனே போங்கள். ‘ஏன் ஒழுங்காகப் போடவில்லை’ என்று பேசுவார்களோ என்ற பயத்தில் ஆறு மாதம் ஒளித்த குடும்பங்கள் உண்டு. ஆரம்பத்தில் வந்தால் இன்னும் இரண்டு மூன்று கட்டோடு பெரும்பாலும் சரிவந்துவிடும். மூன்று வயது தாண்டிய சில பிள்ளைகளுக்குப் பாதத்தின் தசைநார் ஒன்றை இடம்மாற்றும் சிறிய சத்திரசிகிச்சை தேவைப்படலாம், அதற்குப் பிறகும் அவர்கள் நன்றாகவே நடக்கிறார்கள்.

அடுத்த பிள்ளையைப் பற்றியும் உங்களுக்குள் பயம் இருக்கும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தாய்க்கும் தகப்பனுக்கும் இக்குறை இல்லாத வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருவது 100 இல் சில பேருக்குத்தான். மனைவி அடுத்த முறை பதியும்போது இதை கிளினிக்கில் சொல்லுங்கள், ஸ்கானில் பாதங்களையும் பார்க்கச் சொல்வார்கள். வீட்டில் யாரும் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் புகைக்க வேண்டாம். புகைக்கும் இக்குறைக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

உங்கள் ஊரில் இதே குறையோடு சிகிச்சையில்லாமல் வளர்ந்த பிள்ளை யாராவது இருந்தால், அவர்களையும் அதே கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். இடப்பெயர்வுக்குள் பிறந்து, கிழமைக்குக் கிழமை கட்டு மாற்றும் வழியே இல்லாமல் வளர்ந்தவர்கள் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு வேறு சத்திரசிகிச்சை முறைகள் தேவைப்படலாம். ஆனால் ஐந்து, ஏழு, ஒன்பது வயதில் பாதத்தின் மேற்புறத்தால் மிதித்து நடக்கும் பிள்ளை ஒன்று இன்னும் எங்காவது இருந்தால், கூடுதல் கட்டுகளும் கூடுதல் பொறுமையும் வேண்டுமே தவிர, இதே முறையில் அந்தக் காலையும் பெருமளவு திருத்த முடியும். ‘இனி என்ன செய்ய, வயது போய்விட்டது’ என்று அவர்களைக் கைவிட வேண்டாம் என்று அவர்களின் பெற்றோருக்குச் சொல்லுங்கள். உங்கள் மகனைப் பொறுத்தவரை, அந்தத் துண்டையும் பிள்ளையின் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளுக்கே போங்கள்.